பாரிஸ் உருவச் சீட்டுக்கட்டு: விரித்தும் வெட்டியும் பார்த்த மதிப்புரை

இஸ்பேட் ராஜாவை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உடுப்பு மடிப்புகளுக்கு நடுவே ஒரு யாழ் தெரிகிறதா? பக்கத்தில் பொடி எழுத்தில் ‘டாவிட்’ என்று பெயர் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அது பாரிஸ் உருவம். யாழும் பெயரும் இல்லாமல், கையில் வாளும் மூலையில் ‘கே’ எழுத்துமாக ராஜா நின்றால் அது உலகமெங்கும் ஓடும் ஆங்கில உருவம். இரண்டிலும் சின்னங்கள் நான்கும் ஒன்றுதான், எந்த ஆட்டத்தையும் இரண்டிலும் ஆடலாம். ஆனாலும் கையில் பிடிக்கும்போது இவை வேறு வேறு பொருள்கள். இங்கே பார்க்கப் போவது முதல் வகையை: பிரான்ஸில் பெலோத் என்ற 32 சீட்டு ஆட்டத்துக்கும் பிரிட்ஜுக்கும் வாங்குகிற, ‘போர்த்ரே த பாரி’ என்று அந்நாட்டார் சொல்கிற கட்டு. க்ரிமோ, லா துகால் போன்ற பெயர்களில் இன்றும் அச்சாகி வருகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வடிவமைப்பு என்ற அளவில் ஆங்கில உருவத்தைவிட இது ஒரு படி மேல். முகங்கள் தெளிவாக இருக்கின்றன. யார் கையில் என்ன இருக்கிறது என்று புரிகிறது. வண்ணங்கள் ஒன்றையொன்று விழுங்கவில்லை. குறை என்றால் எழுத்துகளில்தான்: ஆர், டி, வி என்று மூலையில் இருப்பவை பழகாத கண்ணைச் சில நாள் தடுமாற வைக்கும். மற்றபடி கட்டு நல்லதா இல்லையா என்பதைப் படம் தீர்மானிப்பதில்லை. தாள், வெட்டு, மூலை எழுத்து ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒரே உருவத்தில் மிக நல்ல கட்டும் கிடைக்கிறது, ஒரு மாதம் தாங்காத கட்டும் கிடைக்கிறது.

முதலில் படம். பன்னிரண்டு படச்சீட்டுக்கும் பெயர் உண்டு. ராஜாக்களில் இஸ்பேட் டாவிட், ஹார்ட்டின் ஷார்ல், டைமன் சேசார், கிளாவர் அலெக்சாந்தர். ராணிகளில் இஸ்பேட் பல்லாஸ், ஹார்ட்டின் ஜூதித், டைமன் ராஷெல், கிளாவர் ஆர்ஜீன். ஜாக்கிகளில் இஸ்பேட் ஓஜியே, ஹார்ட்டின் லா இர், டைமன் எக்தோர், கிளாவர் லான்ஸ்லோ. பைபிளின் தாவீது, சார்லமேன், சீசர், மாவீரன் அலெக்சாந்தர் என்று நாலு ராஜாக்களும் நாலு காலத்தைச் சேர்ந்தவர்கள். ஜூதித்தும் ராஷெலும் பைபிள் பெண்கள், பல்லாஸ் கிரேக்க தெய்வம் அதீனா. ஆர்ஜீன் என்று யாரும் இருந்ததில்லை. ராணி என்று பொருள்படும் ‘ரெஜினா’ என்ற இலத்தீன் சொல்லின் எழுத்துகளைச் சீட்டு மாதிரி கலைத்துப் போட்டால் கிடைப்பது அது. லா இர் நிஜ மனிதர். ழான் தார்க்கோடு (ஜோன் ஆஃப் ஆர்க்) சேர்ந்து போரிட்ட தளபதி எத்தியென் த விஞோலின் பட்டப்பெயர் அது. 1443-இல் இறந்தார். ஓஜியே, சார்லமேன் கதைகளில் வரும் வீரன். எக்தோர் டிராய் நகரத்து ஹெக்டரா, லான்ஸ்லோவின் சகோதரனாகக் கதைகளில் வரும் எக்தோரா என்று இன்றும் இரு கட்சி இருக்கிறது.

இந்தப் பெயர்கள் முதல் நாளிலிருந்தே இப்படி இருந்தன என்று நினைக்க வேண்டாம். 15, 16-ஆம் நூற்றாண்டுச் சீட்டுகளில் பெயர்கள் ஆளுக்கொரு விதமாக இருந்தன, சிலவற்றில் பெயரே கிடையாது. பாரிஸ் அச்சர்கள் 17-ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பட்டியலில் வந்து நின்றார்கள். சின்னங்களுக்குச் சொல்லும் விளக்கமும் அப்படித்தான். ஹார்ட்டின் மதகுருமார், இஸ்பேட் படைவீரர், டைமன் வணிகர், கிளாவர் உழவர் என்று ஒரு அழகான கதை சுற்றுகிறது. அந்தக் காலத்து ஆவணம் எதுவும் அதற்குத் துணை நிற்கவில்லை. இன்னொரு கதை, பித்துப் பிடித்த பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸுக்காகச் சீட்டு கண்டுபிடிக்கப்பட்டது என்பது. 1392-இல் ஓவியர் க்ரிங்கோன்னர் மன்னருக்காக மூன்று கட்டுகளுக்குப் பொன்பூச்சுடன் வண்ணம் தீட்டியதற்குப் பணம் கொடுத்த கணக்கு இருக்கிறது, அவ்வளவே. அதற்கு முன்பே, 1377-இல் ஃப்ளோரன்ஸில் சீட்டாட்டத்தைத் தடுத்துச் சட்டம் போட்டாயிற்று. ‘ஆறாம் சார்லஸின் சீட்டுகள்’ என்ற பெயரில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருப்பவை 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியத் தாரோ (டாரட்) சீட்டுகள்.

சின்னங்களின் உண்மைக் கதை இதைவிடச் சுவையானது, ஏனென்றால் அது கைவேலைக் கதை. எகிப்தின் மம்லூக் ஆட்சியிலிருந்து சீட்டு ஐரோப்பாவுக்கு வந்தபோது அதில் கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை ஆகியவை இருந்தன. இத்தாலியும் ஸ்பெயினும் மட்டையைத் தடியாக மாற்றிக்கொண்டு மற்றதை வைத்துக்கொண்டன. ஜெர்மானியர் இதயம், மணி, ஏகோர்ன் கொட்டை, இலை என்று மாற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 1480 வாக்கில் இன்றுள்ள நான்கையும் கொண்டுவந்தார்கள்: கேர் என்றால் இதயம், கரோ என்றால் தரையில் பதிக்கும் சதுர ஓடு, த்ரெஃப்ல் என்றால் மூவிலைக் கிளாவர், பீக் என்றால் ஈட்டி. நான்கும் உள்கோடு இல்லாத தட்டையான வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம். இங்கேதான் சூட்சுமம். வாளையும் கிண்ணத்தையும் அச்சிட மரத்தில் கோடு கோடாகச் செதுக்க வேண்டும், பிறகு வண்ணமும் ஏற்ற வேண்டும். பிரெஞ்சுச் சின்னத்துக்கு ஒரு தகட்டில் ஓட்டை வெட்டி, அதைத் தாள்மீது வைத்துத் தூரிகையால் ஒரு தடவு தடவினால் போதும். நாற்பது எண் சீட்டுகளுக்கும் மரக்கட்டை தேவையில்லை. படச்சீட்டு பன்னிரண்டுக்கு மட்டும் செதுக்கினால் ஆயிற்று. விலை இறங்கியது, உற்பத்தி பெருகியது, ரூவான் நகரத்து அச்சர்கள் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள்.

ஆங்கில உருவம் ஏன் அப்படிச் சிதைந்து கிடக்கிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ரூவான் சீட்டுகளை இங்கிலாந்தில் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். ஒரு பிரதியிலிருந்து அடுத்த பிரதி என்று தலைமுறை தலைமுறையாகப் போனதில், ஹார்ட்டின் ராஜாவின் கோடரியின் தலை ஓரத்தில் மறைந்து, இன்று அவர் தன் தலைக்குப் பின்னால் வாளைச் சொருகிக்கொள்வது போல நிற்கிறார். பாரிஸ் உருவத்திலும் பிரதி எடுத்தார்கள்தான், ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் அரசே தேர்ந்த கைகளிடம் கொடுத்து மறுபடி வரைய வைத்ததால் கோடுகள் உயிர் பெற்றன. சேசாரைப் பாருங்கள்: ராஜாக்களில் அவர் மட்டுமே பக்கவாட்டு முகம், ரோம நாணயத்தில் உள்ளது போல. மூக்கும் தாடியும் ஒரே கோட்டில் இறங்குகின்றன. ஆங்கில டைமன் ராஜாவும் ஒற்றைக் கண்தான், ஆனால் அங்கே முகம் வெறும் வழக்கமாகிவிட்டது. இங்கே அதற்குக் காரணம் தெரிகிறது.

ஜாக்கிகளில் லான்ஸ்லோவைக் கவனியுங்கள். தயாரிப்பாளர் தம் பெயரைக் கிளாவர் ஜாக்கியில் பொறிக்க வேண்டும் என்பது பிரான்ஸில் 17-ஆம் நூற்றாண்டு விதி. அந்த வழக்கம் விதி போன பிறகும் தொடர்ந்தது. கட்டு யாருடையது என்று பார்க்கப் பெட்டியைத் தேட வேண்டாம், கிளாவர் ஜாக்கியைத் தேடுங்கள். பழைய கட்டைச் சேகரிப்பவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான், அடுத்து கிளாவர் ஏஸை. 1890-க்குப் பிறகு வரி முத்திரை ஏறியது கிளாவர் ஏஸில்.

வரி என்றதும் இந்தக் கட்டின் பாதி வரலாறு வந்துவிடுகிறது. பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்திலேயே சீட்டுக்கு வரி உண்டு. 1701-இல் வரியை ஒழுங்காக வசூலிக்க நாட்டை ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு உருவம் என்று நிர்ணயித்தார்கள். பாரிஸ், புர்கோஞ், லியோன், ஓவெர்ஞ், தோஃபினே, ப்ரோவான்ஸ், லாங்தோக் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ராஜா, தனி ராணி. ஒரு ஊரின் சீட்டு வேறு ஊரில் அகப்பட்டால் வரி ஏய்ப்பு என்று உடனே தெரிந்துவிடும். 1751 முதல் அந்த வருமானம் புதிதாகத் தொடங்கிய ராணுவப் பள்ளிக்குப் போயிற்று. நீர்க்குறி பொறித்த தாளை அரசே கொடுத்தது, வேறு தாளில் அச்சிட்டால் குற்றம். 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாரிஸ் உருவம் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டது. சீட்டு வரி கடைசியில் நீங்கியது 1945-இல். அரசு கையை எடுக்காமல் இருந்ததால்தான் ஒரே உருவம் இத்தனை காலம் மாறாமல் நின்றது. வடிவமைப்பாளர்களுக்கு இதில் கற்க நிறைய இருக்கிறது.

இடையில் இருமுறை மாற்றிப் பார்த்தார்கள். 1793-இல், பிரெஞ்சுப் புரட்சியில் ராஜா, ராணி எல்லாம் போய்விட வேண்டும் என்று ஆன பிறகு, ஜோம், டுகூர் இருவரும் வெளியிட்ட கட்டில் ராஜாவுக்குப் பதில் ‘மேதை’, ராணிக்குப் பதில் ‘சுதந்திரம்’, ஜாக்கிக்குப் பதில் ‘சமத்துவம்’, ஏஸுக்குப் பதில் ‘சட்டம்’. கருத்து அருமை, ஆட்டத்துக்கு உதவாது. உட்கார்ந்திருக்கும் உருவங்கள், நீண்ட எழுத்துகள், விசிறியாக விரித்தால் எது எது என்று தெரியாது. அடுத்து நெப்போலியன் ஆட்சியில் ஓவியர் ஜாக்-லூயி டாவிட் வரைந்த செம்மையான கட்டு வந்தது. அதையும் ஆட்டக்காரர்கள் ஏற்கவில்லை. 1813-இல் கத்தோ என்ற செதுக்குக் கலைஞர் பழைய பாரிஸ் உருவத்தையே திருத்தி வரைந்தார். அதுதான் ஓடியது. சீட்டாடுபவருக்கு அழகு இரண்டாவது. அரை நொடியில் அடையாளம் தெரிவதுதான் முதலாவது.

அந்த அரை நொடிக்காக வந்த மூன்று மாற்றங்களை இன்றைய கட்டில் தொட்டே பார்க்கலாம். முதலாவது இரட்டைத் தலை. 1827-இல் பிரான்ஸில் படச்சீட்டுகள் மேலும் கீழும் ஒரே மாதிரி ஆயின. அதுவரை முழு ஆள் நின்ற படம், தலைகீழாக வந்தால் திருப்ப வேண்டும், அப்படித் திருப்புவதைப் பார்த்தே எதிராளி உங்களிடம் படச்சீட்டு இருப்பதைக் கண்டுகொள்வார். பாரிஸ் உருவத்தில் இரண்டு பாதியையும் பிரிப்பது சாய்ந்த கோடு. குறுக்கே நேர்கோடு போட்டால் உடல் இடுப்போடு வெட்டுண்டது போலிருக்கும். சாய்த்துவிட்டால் தோளிலிருந்து எதிர்த் தோளுக்கு அங்கி நழுவி ஓடுவது போலப் போய்விடுகிறது. இந்தக் கட்டின் மிக நல்ல வேலை இதுதான் என்பது என் கருத்து. இரண்டாவது வட்ட மூலை. க்ரிமோ நிறுவனம் 1858-இல் அதற்கான காப்புரிமையை வாங்கிப் பரப்பியது. கூர்மூலை நான்கே ஆட்டத்தில் மடங்கும், மடங்கிய மூலை குறியாகிவிடும், யார் கையில் எந்தச் சீட்டு என்று தெரிந்துவிடும். மூன்றாவது, மூலையில் மதிப்பு எழுத்து. விசிறியை அகல விரிக்காமலே கையைப் படிக்க அதுவே வழி.

எழுத்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான். ராஜாவுக்கு ஆர், அதாவது ‘ருவா’. ராணிக்கு டி, அதாவது ‘தாம்’. ஜாக்கிக்கு வி, அதாவது ‘வலே’. ஏஸுக்குப் பெரும்பாலும் வெறும் 1. கே, க்யூ, ஜே பழகியவர்கள் முதல் இரண்டு மூன்று ஆட்டத்தில் 1-ஐச் சின்னச் சீட்டு என்று கீழே போட்டுவிடுவார்கள். பெலோத்தில் இது விலை உயர்ந்த தவறு, ஏஸுக்கு 11 புள்ளி. அதைவிட மோசம், துருப்பில் ஜாக்கியைக் கவனிக்காமல் விடுவது. மற்ற சின்னங்களில் 2 புள்ளிக்கு நிற்கும் ஜாக்கி, துருப்பில் 20 புள்ளியோடு எல்லாவற்றுக்கும் மேல் போய் உட்காரும். அடுத்தது 9, அதற்கு 14. ஏஸ் 11, பத்து 10, ராஜா 4, ராணி 3 என்று இறங்குகிறது. சீட்டுகளில் மொத்தம் 152, கடைசிப் பிடிக்கு 10, ஆக 162. ஆட்டத்தின் உயிரே அந்த ‘வி’ எழுத்தில் இருப்பதால், வாங்கும்போது மூலை எழுத்தை ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். கால் மெல்லியதாய், மேல்புறம் அலங்கார வளைவோடு அச்சான ‘வி’ மங்கலான விளக்கில் சரியாகத் தெரியாது.

எத்தனை மூலையில் எழுத்து என்பதும் முக்கியம். இரண்டு மூலை மட்டும் என்றால், இடப்பக்கத்தின் மேலும் வலப்பக்கத்தின் கீழும் இருக்கும். வலக்கைக்காரர் வழக்கமாக விரிக்கும் விசிறியில் அது தெரியும். இடக்கைக்காரர் எதிர்ப்பக்கமாக விரித்தால் எழுத்துகளெல்லாம் அடுத்த சீட்டுக்குக் கீழே மறைந்து வெறும் வெள்ளைதான் தெரியும். நான்கு மூலை எழுத்துள்ள கட்டை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. படத்துக்கு இடம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அடுத்தது தாள். பழைய பிரெஞ்சுச் சீட்டு ஒரே தாள் கிடையாது. முகத்துக்கு ஒரு தாள், பின்புறத்துக்கு ஒரு தாள், நடுவே பழுப்பு நிறமான முரட்டுத் தாள் என்று பசை போட்டு ஒட்டி, அழுத்தி, காயவைத்து, மெருகேற்றி வெட்டுவார்கள். நடுத் தாள் ஏன்? சீட்டைப் பின்னாலிருந்து பார்த்தால் முகத்தின் மை ஊடுருவித் தெரியக்கூடாது. இன்றும் நல்ல கட்டுக்கு அதே வேலை உண்டு. இரண்டு தாளை ஒட்டும் பசையில் கருமை சேர்த்துவிடுகிறார்கள். சோதிக்க வழி எளிது: படச்சீட்டு ஒன்றை வலுவான விளக்குக்கு முன்னால் பின்புறம் உங்களைப் பார்த்திருக்கப் பிடியுங்கள். முகத்தின் சிவப்புத் திட்டு நிழலாகத் தெரிந்தால் அந்தக் கட்டை வைத்துவிடுங்கள். தடிமன் ஒரு சீட்டுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். 52 சீட்டு சுமார் 15 மில்லிமீட்டர், 32 சீட்டு 9-க்கு மேல். அதைவிட மிக மெல்லியதாக இருந்தால் தாள் வலுவில்லை, மிகத் தடித்திருந்தால் கலைக்கும்போது கை வலிக்கும்.

மேற்பரப்பில் இரண்டு வகை. வழவழப்பானது பார்க்க அழகு. ஆனால் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக வரும், பங்கு போடும்போது தப்புக் கணக்காகும். நெசவு போலச் சிறு பள்ளம் அழுத்திய தாளை ‘துவாலே’ என்கிறார்கள். பள்ளங்களில் காற்று தங்குவதால் சீட்டு சீட்டின்மேல் மிதந்து நழுவும். தினம் ஆடுபவர் துவாலே வாங்குவதே சரி. அழுத்தம் வெறும் அச்சுக் கோலமா, உண்மையான பள்ளமா என்று நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உண்மையானது நகத்தில் சரசரவென்று உணர்த்தும்.

வெட்டைச் சோதிப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கட்டைத் தட்டி ஒழுங்காக்கி, நீள ஓரத்தைக் கட்டை விரலால் வருடுங்கள். ஒரு திசையில் வழுக்கலும் எதிர்த்திசையில் சொரசொரப்பும் இருந்தால் பயப்பட வேண்டாம். வெட்டும் கத்தி ஒரு பக்கத்திலிருந்து உள்ளே இறங்குவதால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு நிற்கிறது, அவ்வளவே. கட்டை இரண்டாகப் பிரித்து ஓரத்தோடு ஓரம் கோத்து நுழைக்கும்போது இந்தப் பிசிறின் திசையைப் பொறுத்தே சுலபமாகவோ முரண்டு பிடித்தோ உள்ளே போகும். மேலிருந்து நுழைத்துப் போகவில்லை என்றால் கீழிருந்து நுழைத்துப் பாருங்கள். ஆனால் ஓரம் முழுக்கப் பஞ்சு போல நூலாடினால் கத்தி மழுங்கியிருந்தது என்று பொருள். அந்தக் கட்டு முதல் வாரத்திலேயே அழுக்குப் பிடிக்கும். இன்னொன்று, தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. சீட்டை நீளவாக்கில் லேசாக வளைத்துவிட்டு, பிறகு அகலவாக்கில் வளைத்துப் பாருங்கள். வளைக்கச் சுலபமான அச்சுக்கு இணையாகத்தான் இழை ஓடும். கட்டு முழுவதும் ஒரே திசையாக இருக்க வேண்டும். சில சீட்டு மாறியிருந்தால் அவை தனியாகச் சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கும் குறிகளாகிவிடும்.

பின்புறத்துக்கு வந்தால், 19-ஆம் நூற்றாண்டு வரை அது வெறும் வெள்ளை. அதனால் பழைய சீட்டுகள் வேறு வேலைக்கும் போயின: பெயர்ச்சீட்டு, ரசீது, குறிப்பு. 1685-இல் கனடாவின் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் நாணயம் வராமல் தவித்தபோது, நிர்வாகி ஜாக் த மெல் சீட்டில் கையொப்பமிட்டுப் பணமாக வழங்கினார். 1791-இல் புரட்சி அரசு கையகப்படுத்திய நூல்களைப் பட்டியலிடவும் சீட்டின் வெள்ளைப் பின்புறத்தைப் பயன்படுத்தினார்கள். ஆட்டத்துக்கு மட்டும் அந்த வெள்ளை எதிரி, ஒரு விரல் அழுக்கு போதும், குறியாகிவிடும். ஆகவே இன்று வாங்கும்போது நெருக்கமான கோலம் நிறைந்த பின்புறமாக எடுங்கள். கோலம் தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சுற்றிலும் வெள்ளை விளிம்பு உள்ள கட்டில் விளிம்பு நான்கு பக்கமும் சமமா என்று ஐந்தாறு சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு சீட்டில் கோலம் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பழகிய கண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

முகத்தில் வண்ணம் கோட்டுக்குள் நிற்கிறதா என்பதும் ஒரு சோதனை. மஞ்சள் கிரீடத்தின் ஓரத்தைத் தாண்டி, நீலம் தோளுக்கு வெளியே வழிந்திருந்தால் இன்றைய அச்சில் அது குறைதான். 18-ஆம் நூற்றாண்டுக் கட்டில் அதே வழிசல் நல்ல அறிகுறி, ஓட்டைத் தகடு வைத்துக் கையால் தடவிய சீட்டு அப்படித்தான் இருக்கும். பழைய சீட்டு என்று விற்பதில் வண்ணம் மயிரிழை பிசகாமல் கோட்டுக்குள் இருந்தால், பூதக்கண்ணாடியில் பாருங்கள். சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது பின்னாளின் மறுபதிப்பு. கூர்மூலைக் கட்டின் மூலையைத் தேய்த்து வட்டமாக்கி வைத்திருந்தாலும் கவனியுங்கள், நான்கு மூலைகளின் வளைவும் ஒத்துப் போகாது.

எந்தக் கட்டு, எத்தனை சீட்டு? பெலோத்துக்கும் பிக்கேவுக்கும் 32 போதும், 7 முதல் ஏஸ் வரை. 52 வாங்கி 2 முதல் 6 வரை எடுத்து வைத்து ஆடுவதும் உண்டு. அதில் ஒரு சிக்கல் வரும். ஆடுகிற 32 சீட்டும் தேய்ந்து, எடுத்து வைத்த 20-உம் புதிதாகவே நிற்கும், பிறகு பிரிட்ஜ் ஆட உட்கார்ந்தால் சின்னச் சீட்டெல்லாம் பின்புறத்திலேயே தெரியும். இரண்டு ஆட்டமும் ஆடுபவர் இரண்டு கட்டு வாங்க வேண்டும். பெசீக் ஆட 32-இல் இரண்டு கட்டு, பின்புறம் ஒன்றே. அகலம் பிரிட்ஜுக்கு 57 மில்லிமீட்டர், போக்கருக்கு 63 சொச்சம். பதின்மூன்று சீட்டைக் கையில் பிடிக்கும் ஆட்டத்துக்குக் குறுகியதே வசதி. பிரெஞ்சுத் தாரோ ஆட்டத்துக்கு இந்தக் கட்டு உதவாது. அதற்கு 78 சீட்டு: ராணிக்கும் ஜாக்கிக்கும் நடுவே குதிரைவீரன் ஒருவன், 21 துருப்பு, எக்ஸ்க்யூஸ் என்ற தனிச்சீட்டு ஒன்று. உயரம் சுமார் 11 சென்டிமீட்டர், சிறிய கைக்குக் கடினம்.

பிளாஸ்டிக்கா தாளா என்ற கேள்விக்கு: பிளாஸ்டிக் கழுவலாம், ஆண்டுக்கணக்கில் வரும். ஆனால் சீட்டுகள் தங்களுக்குள் வழுக்கி மேசையில் ஓடும், வறண்ட நாளில் மின்னேற்றம் பெற்று ஒட்டும், ஒருமுறை மடிந்தால் மடிப்பு போகாது. பாரிஸ் உருவத்தின் நுண்கோடுகள் தாளில் நன்றாக உட்காருகின்றன. வீட்டுக்குள் ஆட நல்ல துவாலே தாள் போதும்.

தாள் கட்டுக்கு எதிரி ஈரம். காற்றில் ஈரம் ஏறினால் தாள் உறிஞ்சும். முகத்திலும் பின்புறத்திலும் மையும் மெருகும் ஒரே அளவு இல்லாததால் ஒரு பக்கம் அதிகம் விரிந்து சீட்டு வளையும். வளைந்த கட்டை எதிர்ப்பக்கம் மடக்கி நிமிர்த்தாதீர்கள், நடுப் பசை விட்டுவிடும். பாதியைத் திருப்பி, வளைவுக்கு எதிர் வளைவு வருமாறு அடுக்கி, தட்டையான கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். வெயிலில் காயவைப்பதும் இஸ்திரி போடுவதும் வேண்டாம், மெருகு உருகிச் சீட்டுகள் ஒன்றாகிவிடும். அழுக்கு ஓரத்தை, கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மென்மையான வெள்ளை அழிப்பானால் ஒரே திசையில் தேயுங்கள். பிசுபிசுப்புக்கு உலர்ந்த பருத்தித் துணி. நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஆடுபவர் இரண்டு கட்டை மாற்றி மாற்றி ஆடினால் இரண்டும் ஓய்வெடுத்து நீண்ட நாள் வரும். ஆடி முடிந்ததும் ரப்பர் பேண்டு போடாதீர்கள். மறுநாள் பார்த்தால் மேல் சீட்டின் நீள ஓரம் இரண்டிலும் அரை மில்லிமீட்டர் குழி விழுந்திருக்கும். பெட்டியில் போட்டு, கட்டு பெட்டிக்குள் ஆடினால் இடைவெளிக்கு மடித்த தாளை வைத்து, படுக்கை வாட்டில் வையுங்கள்.